கண்ணுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மொழி

"மத்மசேல், ரெட்டியார்பாளையத்துல ஒருத்தருக்கு மூணு நாக்கு இருக்குதாமே. நீங்க நேர்ல பாத்தீங்களா?"

டாக்டர் அந்துவான் இப்படிக் கேட்டபோது நான் எடை பார்க்கும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேலி செய்யும்போதும் சிரிக்கமாட்டார், கோபம் வந்தாலும் கத்தமாட்டார். அதனால் எது கேலி, எது கோபம் என்று கடைசிவரை எனக்குப் பிடிபட்டதே இல்லை.

"இல்லீங்க முசே" என்றேன். பிரெஞ்சு வழக்கப்படி அவருக்கு நான் மத்மசேல், எனக்கு அவர் முசே.

அவர் அடுத்த தாளை எடுத்தார். "இந்த ஆறு மாசக் கொழந்தைக்கு நாக்கு இன்னும் வரலன்னு எழுதியிருக்கீங்க. பல்லு வர நாளாகும். நாக்குக்கூடவா?"

நான் தராசை மறுபடி துடைத்தேன்.

"அரியாங்குப்பத்துல அத்தன பேர் நாக்குலயும் 'தமிழ்'னு இருக்குது. பச்ச குத்தியிருக்காங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. டாக்டர் அதையும் குனிந்து பார்த்தார். "எடையும் கொறஞ்சிருக்குது" என்றார்.

கன்னியர் மடத்துப் பிரெஞ்சு

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். கொடியை எடுத்துக்கொண்டு போனவர்கள் படிவங்களை விட்டுவிட்டுப் போனார்கள். அலமாரி அலமாரியாகப் படிவங்கள். புதிதாக அச்சடித்து வரும்வரை எங்கள் அலுவலகத்தில் அவற்றைத்தான் பயன்படுத்தினோம்.

ஊர் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அது உடம்பில் எங்கே எப்படித் தெரிகிறது என்று வீடு வீடாகப் போய் எழுதி வருவது என் வேலை. பெயர், வயது, எடை, உயரம், கண், அப்புறம் 'லாங்' என்று ஒரு கட்டம், அதற்கப்புறம் பல்.

பிரெஞ்சில் 'லாங்' என்றால் மொழி. 'லாங்' என்றால் நாக்கும்கூட. இரண்டுக்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான்.

நான் பிரெஞ்சு படித்தது கன்னியர் மடத்துப் பள்ளியில். அங்கே 'லாங்' என்றால் மொழி மட்டும்தான். நாக்கு என்ற உறுப்பு பாடத்திட்டத்தில் கிடையாது. பெண்பிள்ளைகள் வெளியே காட்டக் கூடாதவை என்று சிஸ்டர்கள் வைத்திருந்த நீண்ட பட்டியலில் முழங்காலுக்கு அடுத்து நாக்கு இருந்தது. காட்டக் கூடாத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்று சொல்லித் தராமலே விட்டுவிட்டார்கள்.

டாக்டர் முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கித்தான் இருப்பார். அவர் மருத்துவம் படித்தது சைகோனில். அவருடைய பிரெஞ்சு மழைத்தண்ணீர் ஓடுவதுபோல ஓடும். நான் நடுநடுவே "வுய் முசே, வுய் முசே" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். பழகிக்கொள்வதற்காக என்னைப் பற்றியே ஒரு படிவம் எழுதச் சொன்னார். எழுதினேன். 'லாங்' கட்டத்தில் "தமிழ், பிரெஞ்சு" என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். அவர் அதைப் பார்க்காமலே கோப்பில் வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் கேட்காத வீடு இல்லை. "என்ன மொழி பேசுவீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு கேள்வி கேட்டால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள். ரெட்டியார்பாளையத்தில் ஒரு பழைய பட்டாளக்காரர் மட்டும் மகிழ்ந்துபோய், தமிழ், பிரெஞ்சு, கொஞ்சம் அரபி என்று விரல்விட்டுச் சொன்னார். கட்டத்தில் இடம் இல்லாததால் "மூன்று" என்று எழுதினேன். பேச்சு வராத ஒரு பெண்ணுக்கு "இல்லை" என்று எழுதியிருந்தேன்.

இதையெல்லாம் டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மத்மசேல். கண்ணுக்கும் பல்லுக்கும் நடுவுல மொழி எங்க இருக்குது?"

பத்து நாள்

எனக்கு அது சோதனைக் காலம். மூன்று மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால், சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து படிக்க டாக்டர் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். கடிதம் இல்லாவிட்டால் காரைக்காலில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. அனுப்பிய புகைப்படத்தில் ஒரு ரேடியோவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த ரேடியோவைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"அறிக்க போக இன்னும் பத்து நாள் இருக்குது" என்றார் டாக்டர். "நாக்கோட நெறம், வழவழப்பா இருக்குதா சொரசொரப்பா இருக்குதா, வெடிப்பு உண்டா. எல்லா நாக்கும் வரணும். வந்தா கடிதம் எழுதறேன். வரலன்னா நீங்களும் வர வேணாம்."

இது கேலி இல்லை என்று மட்டும் புரிந்தது.

குழம்புச் சண்டை

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டை போட்டேன். காரணம் குழம்பு.

இந்தச் சண்டை அப்போது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அம்மா எது சமைத்தாலும் எனக்குக் காரம் தாங்கவில்லை. ஒரு வாய் வைத்தால் நாக்கில் நெருப்பு வைத்தாற்போல இருக்கும்.

"மொளகாய மூட்டையோட கொட்டிட்டியாம்மா?"

"போட்டதே கொஞ்சம். அப்பாவக் கேளு."

அப்பா துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். வீட்டுச் சண்டைகளில் கருத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் தட்டுக்கு அடியில் ஒரு பச்சை மிளகாய் ஒளித்து வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். நாலு வாய்க்கு ஒருமுறை அதை எடுத்துக் கடித்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினார். இந்தக் காரத்தில் இவருக்கு அது வேறு வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பகல் சாப்பாட்டிலும் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு தகராறு உண்டு. காலையில் கதவோரம் ஒரு தூக்கு வைப்பாள். சோறு, முருங்கைக் கீரை, ஒரு முட்டை. நான் அதை எடுத்துப் போகமாட்டேன். அலுவலகத்தில் டாக்டர் பகலில் அரை நீட்டு ரொட்டியும் பால் விடாத காப்பியும்தான் சாப்பிடுவார். ஒரு கையால் ரொட்டியைக் கடித்துக்கொண்டே மறுகையால் எழுதுவார். விஞ்ஞானி என்றால் இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக் கீரையைப் பிசைவதா? நானும் அரை ரொட்டி, கறுப்புக் காப்பி என்று மாறிக்கொண்டேன். காலையில் அவசரத்தில் எதுவும் சாப்பிடுவதில்லை. இரவில் காரம். வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. கடல்காற்று என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் ஊரார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கப் போனவள்.

"நாக்கை நீட்டுங்க"

மறுநாள் காலையில் நானும் கன்னியப்பனும் கிளம்பினோம். கன்னியப்பன் எங்கள் அலுவலகத்துப் பியூன். அரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பம். தராசைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார். 'மத்மசேல்' என்பது அவர் வாயில் தேய்ந்து 'மம்சேல்' ஆகியிருந்தது.

"நாக்க பாக்கறது ஒரு பெரிய வேலையா மம்சேல்? மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றார்.

அது நடக்காது என்று அரியாங்குப்பத்து முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். போன மாதம் மோர் கொடுத்து உட்கார வைத்தவர்தான்.

"நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா" என்றேன்.

அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "யாருடி சொன்னது எனக்கு நாக்கு நீளம்னு?"

"யாரும் சொல்லலம்மா. சர்க்கார்ல பாத்து எழுதிக்கினு வரச் சொன்னாங்க."

"சர்க்கார் வரைக்கும் போயிருச்சா?" என்று அவர் இடுப்பில் கையை வைத்தார். பக்கத்து வீட்டம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். அதற்கப்புறம் அந்த இரண்டு நாக்குகளும் ஒரு மணி நேரம் ஓயவில்லை. ஆனால் நான் பார்க்க வேண்டிய விதத்தில் இரண்டுமே வெளியே வரவில்லை.

இன்னொரு வீட்டில் மாமியார் இருக்கும்போது நாக்கை நீட்டமாட்டேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். மருமகள் முன்னால் நீட்டினால் நாளைக்கு மதிப்பாளா என்று மாமியாரும் மறுத்துவிட்டார். எப்படி நீட்ட வேண்டும் என்று கன்னியப்பன் தன் நாக்கை நீட்டிக் காட்டினார். குழந்தைகள் கூட்டமாக வந்து அவர் நாக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடின.

பட்டாளக்காரர் ஒருவர்தான் தகராறு செய்யவில்லை. நேராக நிமிர்ந்து நின்று நாக்கை நீட்டினார். இரத்தச் சிவப்பு! நான் அவசரமாக எழுதப் போனேன். கன்னியப்பன் என் காதருகே வந்து, "வெத்தல மம்சேல்" என்றார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னோம். ஐந்து சொம்பு தண்ணீர் ஆயிற்று.

மூன்று நாளில் கிடைத்தவை பதினொரு நாக்குகள். அதில் ஒன்று கன்னியப்பனுடையது. அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை.

அன்று திரும்பி வரும்போது பாலத்தின் மேல் நின்று அழுதுவிட்டேன். கன்னியப்பன் தராசைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழுவாதீங்க மம்சேல். நான் ரெண்டு பேர்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்றார். அந்த ரேடியோ என் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

கருநாக்குப் பட்டியல்

அவர் யாரிடம் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அரியாங்குப்பத்தில் இறங்கியபோது ஆலமரத்தடியில் ஒரு வரிசை நின்றது. முன்னால் நின்றவர் மீன் கழுவிய அம்மாள்.

"வந்துட்டியா? இந்தா, நல்லா பாத்துக்கோ" என்று என் மூக்குக்கு நேராக நாக்கை நீட்டினார். "எங்கனா கறுப்பா ஒரு புள்ளி இருக்குதா? இல்லல்ல? எழுதிக் குடு. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட காட்டணும்."

ஊரில் பேச்சு இப்படிப் பரவியிருந்தது: சர்க்கார் கருநாக்குக்காரர்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் எடுக்கிறது. நாக்கைக் காட்டாதவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில்.

நாக்கில் கறுப்புப் புள்ளி இருந்தால் சொன்னது பலிக்கும் என்பது நம்பிக்கை. மாடு செத்தாலும் கல்யாணம் தட்டிப்போனாலும் பழி யாராவது ஒரு கருநாக்கின் மேல்தான் விழும். பலகாலமாக அப்படிப் பழி சுமந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பழி போட்டவர்களும் அவர்கள் நாக்கைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார்கள். மருமகள் மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். நீட்டும்போது இரண்டு பேரும் சேர்ந்தே நீட்டினார்கள்.

"கன்னியப்பன், நீங்க இன்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல மம்சேல். கறுப்பு இருந்தாலும் எழுதுவாங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. எழுதுவாங்கன்னு சொன்னேன். அதுல பொய் இல்லியே?"

பொய் இல்லைதான். நான் ஆளுக்கொரு துண்டுத் தாளில் "நாக்கில் கறுப்புப் புள்ளி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சேதி கேட்டு ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்த பட்டாளக்காரருக்கு அதைப் பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்தித் தரவேண்டியிருந்தது. ஒரு கிழவருக்கு நிஜமாகவே புள்ளி இருந்தது. "சிறியது" என்று எழுதிக் கொடுத்தேன். ஊர் அன்று முதல் தன்னிடம் மரியாதையாகப் பேசுகிறது என்று பிறகு சொல்லியனுப்பினார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலத்துக்குள் எல்லா நாக்குகளும் வந்து சேர்ந்துவிட்டன.

முதல் படிவம்

பத்தாம் நாள் காலையில் டாக்டர் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் எதிரே நின்றேன். கன்னியப்பன் கதவுக்கு வெளியே நின்றார். கடைசித் தாளும் முடிந்தது. அப்புறம் அடியிலிருந்து ஒரு பழைய படிவத்தை உருவினார்.

"ஒண்ணு கொறையுது. எண் ஒண்ணு. பிலோமினா. லாங்: தமிழ், பிரெஞ்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஜன்னல்கிட்ட வாங்க. நீட்டுங்க."

இத்தனை பேரை நீட்டச் சொன்ன எனக்கு நீட்ட வெட்கமாக இருந்தது. சிஸ்டர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நீட்டினேன்.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். வாயோரத்து வெடிப்பையும் பார்த்தார்.

"செவப்பு. வழவழன்னு இருக்குது. காரம் பட்டா எரியுதா?"

"எரியுதுங்க முசே. அம்மா மொளகாய அதிகமாப் போடறாங்க."

"பகல்ல என்ன சாப்பிடறீங்க?"

"நீங்க சாப்பிடறதத்தான் முசே."

அவர் மேசைமேல் இருந்த தன் அரை ரொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மத்மசேல், நான் ராத்திரி வீட்டுக்குப் போயி ஆட்டு ஈரல் சாப்பிடறேன். ரெண்டு முட்ட சாப்பிடறேன். பாலு குடிக்கறேன். அத நீங்க வந்து பாக்கலியே!"

பி வைட்டமின் குறைந்தால் நாக்கின் மேல்தோல் தேய்ந்து சிவந்துவிடும், அப்போது சாதாரண உணவும் எரியும் என்று விளக்கினார். இந்தத் தடவை மெதுவாக, தமிழில். மஞ்சள் மாத்திரை ஒரு புட்டி கொடுத்தார். என் படிவத்தில் 'லாங்' கட்டத்தை அடித்துவிட்டுத் தன் கையாலேயே "சிவப்பு, வழவழப்பு" என்று எழுதினார். அப்புறம் அதைக் கட்டிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கணக்கெடுக்கப் போன ஆளுக்கே சாப்பாட்டுக் கோளாறுன்னு அறிக்கைல எழுத முடியாது. இத நீங்களே வெச்சிக்கோங்க. கடிதம் சாயங்காலம் தர்றேன்."

அம்மாவின் சோதனை

கடிதத்தோடு வீட்டுக்கு ஓடினேன். சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை. "எங்க, நீட்டு" என்றாள்.

நீட்டினேன். கரிக்கையோடு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"மொளகா மேல தப்பு இல்லம்மா. உன்ன எத்தன நாள் திட்டினேன்."

அம்மா என் முகவாயை விட்டாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"மூணு வாரமா நான் கொழம்புல மொளகாயே போடல, பிலோ."

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல பாதியாக் கொறச்சேன். நீ கத்துன. அப்புறம் ஒண்ணே ஒண்ணு போட்டேன். அப்பவும் கத்துன. அப்புறம் நிறுத்திட்டேன். நெறத்துக்குத் தக்காளி மட்டும். மொளகாயே போடாத அன்னிக்குத்தான் நீ ரொம்ப கத்துன. அப்பவே தெரிஞ்சுபோச்சு, கோளாறு கொழம்புல இல்ல, உன் நாக்குலன்னு."

"சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நான் சொன்னா நீ கேப்பியா? முசே சொல்லணும். அதான் தெனம் தூக்குல கீரையும் முட்டையும் வெச்சேன். நீ தொடல."

கூடத்தில் அப்பா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து மெதுவாக மேசைமேல் வைத்தார். "அப்ப இது இனிமே வேணாமா?" என்று கேட்டார். பாவம், மூன்று வாரம்.

பிற்காலத்தில் சுவை ஆராய்ச்சியில் நாற்பது வருடம் நான் செய்ததும் இதைத்தான். தண்ணீரில் உப்பையும் சர்க்கரையும் கசப்பையும் சொல்லாமல் குறைத்துக்கொண்டே போவேன், குடித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். ஒரு குவளையில் எதுவுமே கலக்காமல் வெறும் தண்ணீர் வைப்பேன். அந்தக் குவளையைக் குடித்துவிட்டு ஒருவர் என்ன சொல்கிறாரோ அதுதான் எனக்கு முக்கியம். இந்த முறையை எங்கே கற்றீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் என்று சொல்லிவந்தேன்.

சென்ற மாதம் ஒரு கல்லூரியிலிருந்து என் ஆராய்ச்சிப் பட்டியலைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுப்பதற்காகப் பழைய பெட்டியைத் திறந்தேன். முதல் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று மூன்று பேரின் பெயர் இருந்தது. மூன்று பேருமே டாக்டர்கள். அதற்குக் கீழே பழுத்துப்போன ஒரு படிவம் கிடந்தது. எண் ஒன்று. லாங்: சிவப்பு, வழவழப்பு.

அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கட்டுரையை இனிமேல் திருத்த முடியாது. அதனால் அந்தப் படிவத்தைப் பட்டியலில் முதல் தாளாக வைத்துக் கட்டி அனுப்பினேன். அதன் அடியில் சோதனை செய்தவர் என்று காலியாக இருந்த இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.